ஆற்றோரத் தனி விடுதியில் தங்க வருகிறவர்களுக்கு: தூண்டில்காரர்களுக்கும் சும்மா பார்க்க வருகிறவர்களுக்கும் சேர்த்து

ஆற்றங்கரையில், அக்கம்பக்கம் வேறு வீடே இல்லாத ஒரு விடுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சில அறைகள், நீளமான ஒரு வராந்தா, படியிறங்கினால் ஆறு. ஆற்றில் ட்ரவுட் மீன் உண்டு. அதனால் வருகிறவர்களில் ஒரு சாரார் ஃப்ளை (பூச்சி மாதிரி கட்டிய செயற்கை இரை) போடும் தூண்டிலோடு வருவார்கள், இன்னொரு சாரார் பைனாகுலரும் கேமராவுமாக வருவார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு வகையும் இருப்பது சாதாரணம். தூண்டில்காரர் விடிவதற்கு முன்பே ஆற்றோடு போய்விடுவார், மற்றவர் காட்டுப் பாதையில் நடக்கப் போவார், ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. நான் பார்த்தவரை, நன்றாக மீன் பிடிக்கிறவர்கள் எல்லோருமே முதலில் நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்கள். கல்லுக்கடியில் ஒட்டியிருக்கும் பூச்சி, தாழப் பறக்கும் பறவை, தண்ணீரின் நிறம், வெயில் விழும் பக்கம், இவைதான் மீன் எங்கே நிற்கிறது, என்ன தின்கிறது என்று சொல்கின்றன. பறவை பார்க்க வந்தவருக்கும் இதே விஷயங்கள்தான் வேண்டும். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பதிவு செய்வதற்கு முன் கேளுங்கள்

படத்தை மட்டும் பார்த்து அறை எடுக்காதீர்கள். போன் போட்டு, அங்கேயே இருக்கும் ஆளிடம் பேசுங்கள். "இப்போது தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்பது முதல் கேள்வி. ஆற்றோடு வாழ்கிறவருக்கு அன்றைய நீர்மட்டமும் நிறமும் தெரிந்திருக்கும், வெப்பநிலையும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் படித்துறையில் ஒரு தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் பார்த்து வராந்தாவில் இருக்கும் நோட்டில் எழுதிவைப்போம்.

வெப்பநிலை ஏன் இவ்வளவு முக்கியம்? ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 20 டிகிரியில் அது சுமார் 9 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். தண்ணீர் சூடாக ஆக மீனின் உடம்போ கூடுதல் ஆக்சிஜனைக் கேட்கும். அந்த நிலையில் தூண்டிலில் மாட்டிப் போராடிய மீனைப் பத்திரமாகத் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம். 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் யாரையும் தூண்டில் போட விடமாட்டேன், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் சரி. வெயில் காலத்தில் விடியற்காலை மட்டும்தான் கிடைக்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு வாருங்கள். குளிர் காலத்தில் நேர்மாறு. மதியம் தண்ணீர் கொஞ்சம் சூடேறிய பிறகுதான் பூச்சியும் கிளம்பும், மீனும் அசையும். அப்போது விடியற்காலையில் எழுந்து நடுங்க வேண்டியதில்லை.

இன்னொன்று, முட்டையிடும் பருவம். பிரவுன் ட்ரவுட் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும் முட்டையிடும். ரெயின்போ ட்ரவுட் பெரும்பாலும் வசந்தத்தில். அந்த மாதங்களில் பல ஆறுகளில் மீன் பிடிக்கத் தடை இருக்கும். விடுதியில் அறை எடுத்ததாலேயே மீன் பிடிக்கும் உரிமை வந்துவிடாது. அனுமதிச் சீட்டு வேண்டுமா, யார் தருகிறார்கள், பிடித்ததைத் திரும்ப விடத்தான் வேண்டுமா என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் அந்தப் பகுதி ஆற்றில் எத்தனை தூண்டிலுக்கு அனுமதி என்று கேட்பது நல்லது. எண்ணிக்கை குறைவாக வைத்திருக்கும் இடத்தில் மீன் மிரளாமல் இருக்கும், நீர்நாயும் பறவையும் தைரியமாக வெளியே வரும். ஆற்றின் மேல்பக்கம் அணை இருக்கிறதா, எந்த நேரத்தில் தண்ணீர் திறப்பார்கள் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி, விடாமல் கேளுங்கள். மழை பெய்தால் சாலை துண்டிக்கப்படுமா, போன் சிக்னல் எங்கே கிடைக்கும், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், ஈரத் துணியும் பூட்ஸும் காயவைக்க இடம் உண்டா? இவ்வளவுதான். இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிற விடுதிக்கு நம்பிப் போகலாம்.

சாமான்

புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு 9 அடி நீளமுள்ள 5ஆம் எண் கம்பு போதும். இந்த எண் எதைக் குறிக்கிறது என்று பலர் கேட்பார்கள். சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளைக்குக் கனமே கிடையாது, முள்ளில் சுற்றிய கொஞ்சம் இறகும் நூலும்தான். இங்கே கனம் முழுவதும் நரம்பில் இருக்கிறது, நரம்புதான் ஃப்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்தக் கனத்தைத்தான் எண் குறிக்கிறது: 5ஆம் எண் நரம்பின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். கம்பின் எண்ணும் நரம்பின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், ரீல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

அந்தத் தடித்த நரம்பின் நுனியில் 9 அடிக்கு லீடர். மேலே தடிப்பாக ஆரம்பித்து மெலிந்துகொண்டே போகும் தங்கூஸ் அது. கடைசித் துண்டுக்கு டிப்பெட் என்று பெயர். 5எக்ஸ் என்றால் 0.15 மில்லிமீட்டர் தடிப்பு. எக்ஸ் எண் கூடக்கூட மெலிசு. மெலிசாக இருந்தால் மீன் கண்ணில் படாது என்று சிலர் 7எக்ஸ் வரை போவார்கள். நான் வேண்டாம் என்பேன். மெல்லிய நரம்பில் மாட்டிய மீனை இழுத்து முடிக்க நேரமாகும், அதற்குள் அது செத்துச் சுண்ணாம்பாகிவிடும்.

ஃப்ளைகளில் ஆடம்ஸ் கொஞ்சம் எடுத்து வாருங்கள். 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லெனார்ட் ஹாலடே கட்டியது. குறிப்பிட்ட ஒரு பூச்சியை அப்படியே காப்பியடிக்காமல் பல பூச்சிகளுக்குப் பொதுவான சாயலில் இருக்கும், அதனால் எங்கேயும் உதவும். தண்ணீருக்கடியில் போட ஃபெசன்ட் டெயில் நிம்ஃப். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைக் காவல் காத்த ஃபிராங்க் சாயர் கட்டிய ஃப்ளை அது. நூலுக்குப் பதிலாக மெல்லிய செப்புக் கம்பியால் கட்டினார், அதனால் சட்டென்று அடியில் இறங்கும். தினமும் ஒரே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கண்ட வழி என்பதால் எனக்கு அந்த ஃப்ளைமேல் தனி மதிப்பு. இந்த இரண்டையும் 12 முதல் 18 வரை அளவுகளில் வைத்துக்கொண்டால் போதும். முள்ளின் எண் கூடினால் அளவு சிறியது.

தூண்டில் முள்ளின் முனைக்குக் கீழே பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூர்முனையைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். அப்போது முள் மீன் வாயிலிருந்தும் எளிதாக வரும், உங்கள் காதிலிருந்தும் வரும். காது என்று சும்மா சொல்லவில்லை. காற்றடிக்கும்போது முள் பின்னந்தலையிலும் காதிலும் குத்துவது அடிக்கடி நடப்பது. அதனால் தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணாடி போலராய்டாக இருந்தால் தண்ணீரின் மேல்பளபளப்பு அடங்கி அடிப்பகுதி தெரியும். பறவை பார்க்க வருகிறவர்களும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆறு வேறு ஆறாகத் தெரியும்.

கொசு மருந்தில் டீட் என்ற ரசாயனம் இருந்தால் கவனம். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசிய கையோடு நரம்பைத் தொட்டால் அதன் மேல்பூச்சு வெடித்துவிடும், பைனாகுலரின் ரப்பர் பிடியும் பிசுபிசுக்கும். புறங்கையால் பூசுங்கள், உள்ளங்கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றுத் தண்ணீருக்கும் அது வேண்டாத பொருள்.

வந்த அன்று மாலை கம்பு உறையிலேயே இருக்கட்டும்

நான் எல்லோரிடமும் சொல்வது இது. பாதிப் பேர் கேட்பதில்லை. பையை இறக்கியதும் கம்பை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கரையோரம் நின்ற நல்ல மீன்களையெல்லாம் மிரட்டிவிட்டு இருட்டில் வெறுங்கையோடு வருவார்கள்.

அதற்குப் பதிலாக, பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது படியில் போய் உட்காருங்கள். கூட வந்தவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு நான்கு கண் நல்லது. முதல் பத்து நிமிஷம் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும். அப்புறம் கண் பழகும்.

முதலில் ஓட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் போகாது. கற்களுக்கு மேலே சலசலத்து ஓடும் ஆழமில்லாத பகுதி, அதற்குக் கீழே ஆழமான மடு, மடு முடியும் இடத்தில் மறுபடி மேலேறும் தட்டையான பகுதி, இப்படி மாறி மாறி வரும். வேகமான ஓட்டமும் மெதுவான தண்ணீரும் உரசும் இடத்தில் ஒரு கோடு தெரியும், நுரையும் இலைத்தூளும் அந்தக் கோட்டில்தான் மிதந்து வரும். மீனுக்கு வரும் சாப்பாடும் அதே கோட்டில்தான் வரும். மெதுவான பக்கம் நின்றுகொண்டு, வேகமான பக்கம் வருவதைத் தலை நீட்டி எடுத்துக்கொண்டால் அதற்கு உழைப்பு மிச்சம். பெரிய பாறைக்குப் பின்னால் மட்டுமல்ல, முன்னாலும் தண்ணீர் முட்டி மெதுவாகும் சின்ன இடம் உண்டு. பலரும் பார்க்காமல் விடும் இடம் அது.

அடுத்தது பூச்சி. கரையோரம் ஆழமில்லாத இடத்தில் ஒரு கல்லை மெதுவாகத் தூக்கித் திருப்பிப் பாருங்கள். தட்டையாக, வாலில் பெரும்பாலும் மூன்று இழையோடு, வயிற்றின் இரண்டு பக்கமும் செவுள்கள் படபடக்க ஒட்டிக்கொண்டிருந்தால் அது மேஃப்ளையின் இளம் பருவம். வாலில் இரண்டு இழை, காலில் இரண்டிரண்டு நகம் என்றால் ஸ்டோன்ஃப்ளை. மணலையும் குச்சியையும் தன் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு உள்ளே இருப்பது கேடிஸ். ஸ்டோன்ஃப்ளைகள் பொதுவாக அழுக்குத் தண்ணீரைத் தாங்காதவை. அவை நிறைய இருந்தால் ஆறு நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படலாம். பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமே கீழே இருக்கும்படி வையுங்கள்.

பொழுது இறங்கும்போது இவை சிறகு முளைத்து மேலே வரும். சிறகை முதுகுக்கு மேலே நிமிர்த்தி வைத்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தால் மேஃப்ளை. இரண்டு பக்கமும் சரித்து மூடியிருந்தால் கேடிஸ். முதுகோடு தட்டையாகப் படிய வைத்திருந்தால் ஸ்டோன்ஃப்ளை. மேஃப்ளைக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. சிறகு முளைத்த பிறகும் இன்னொரு முறை தோலுரிக்கும், பூச்சிகளில் வேறு எதுவும் அப்படிச் செய்வதில்லை. வளர்ந்த மேஃப்ளை ஒன்றுமே தின்னாது. ஆற்றடியில் ஒரு வருஷம் வரைகூட வளர்ந்துவிட்டு, மேலே வந்து சில மணி நேரமோ ஓரிரு நாளோ பறந்து, ஜோடி சேர்ந்து, முட்டை போட்டுச் செத்துவிடும். அந்தச் சாயங்காலக் கூட்டத்தை நேரில் பார்த்தவர்கள் மீன் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

மூன்றாவது, மீன் மேலே வரும் விதம். தண்ணீர் தெறிக்கத் துள்ளி எடுத்தால் அது தப்பி ஓடும் பூச்சியைத் துரத்துகிறது, அனேகமாகக் கேடிஸ். சத்தமில்லாமல் சின்ன வட்டம் மட்டும் விரிந்தால், செத்து மிதக்கும் மேஃப்ளையை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. முகம் வெளியே வராமல் முதுகும் வாலும் மட்டும் புரண்டால், மேல்பரப்புக்குச் சற்றே கீழே, சிறகு விரியாத பூச்சியைத் தின்கிறது. மிதக்கும் ஃப்ளையை அதன் முன்னால் எத்தனை முறை போட்டாலும் திரும்பிப் பார்க்காது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மறுநாள் எந்த ஃப்ளை என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்த மாதிரி.

பார்த்ததை நோட்டில் எழுதுங்கள். நேரம், வெப்பநிலை, என்ன பூச்சி, எந்தப் பாறை. பறவைக்காரர்கள் இதைத் தூண்டில்காரர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள். குருவிகள் தண்ணீரை உரசிப் பறக்க ஆரம்பித்த நேரம் என்று அவர்கள் எழுதிவைத்ததை மறுநாள் தூண்டில்காரர் பார்த்தால், பூச்சி கிளம்பும் நேரம் அவருக்குத் தெரிந்துவிடும்.

மீன் கண்ணில் படாமல் போவது

தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். ஒளி தண்ணீரில் நுழையும்போது வளைவதால் வருவது இது. அந்தப் பார்வைக் கூம்பின் அகலம் சுமார் 97 டிகிரி. மேல்பரப்பில் அந்த வட்டத்தின் விட்டம், மீன் இருக்கும் ஆழத்தைப்போல இரண்டே கால் மடங்கு. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு 68 சென்டிமீட்டர் அகல ஜன்னல்தான். ஆழத்தில் இருக்கும் மீனுக்கு ஜன்னல் பெரிது. கரையில் தாழ்ந்து இருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி, கிட்டத்தட்டத் தெரியாமல் போகும். நிமிர்ந்து நிற்கும் ஆள் நன்றாகத் தெரிவார். எனவே குனிந்து போங்கள், முட்டி போட்டு வீசப் பழகுங்கள், வானம் பின்னணியாக வரும் மேட்டில் நிற்காதீர்கள்.

மீன் ஓட்டத்தை எதிர்த்துத்தான் நிற்கும், பின்னால் அதற்குப் பார்வை கிடையாது. கீழிருந்து மேல்நோக்கி நடந்து வந்தால் மிக அருகில் போக முடியும். காலடியை மெதுவாக வையுங்கள். உடம்பின் பக்கவாட்டுக் கோட்டால் அதிர்வை உணரக்கூடியது மீன், கல் உரசினாலும் அறிந்துகொள்ளும். பேச்சுச் சத்தத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம், அது பெரும்பாலும் தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். ஆனால் பறவை பார்ப்பவர் பக்கத்தில் இருந்தால் அதற்காகவாவது குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

வீசுவது

இதை எழுத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. இருந்தாலும் முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வீசிய நரம்பு முழுதாக நீண்டு முடியும்வரை காத்திருங்கள். கம்பை முன்னும் பின்னும் ஆட்டுவதில் விசேஷம் இல்லை, சட்டென்று நிறுத்துவதில்தான் இருக்கிறது. நிறுத்தினால்தான் கம்பு வளைவிலிருந்து நிமிர்ந்து நரம்பைத் தள்ளும். முள்ளுக்குப் பதிலாகக் கம்பளி நூல் துண்டைக் கட்டிப் புல்வெளியில் பழகுங்கள். 10 மீட்டர் சுத்தமாக வீச வந்தாலே ஆற்றில் இறங்கலாம். தூரமாக வீச வேண்டும் என்ற ஆசை புதியவர்களின் காலையைத் தின்றுவிடுகிறது.

வீசுவதைவிட முக்கியம், விழுந்த ஃப்ளை மிதந்து வருவது. பக்கத்தில் வரும் நுரையின் வேகத்தில்தான் ஃப்ளையும் வர வேண்டும். நடுவில் இருக்கும் வேகமான ஓட்டம் நரம்பை வளைத்து இழுத்தால், ஃப்ளை தண்ணீரில் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். நிஜப் பூச்சி அப்படி ஓடாது, மீன் கண்டுபிடித்துவிடும். அதனால் ஃப்ளை விழுந்த உடனே நரம்பின் நடுப்பகுதியை மட்டும் லேசாகத் தூக்கி, ஓட்டத்துக்கு மேல்பக்கமாகப் புரட்டிப் போடுங்கள். சில வினாடிகள் கூடுதலாகக் கிடைக்கும், பெரும்பாலும் அந்த வினாடிகளில்தான் மீன் எடுக்கும்.

முடிச்சுப் போடும்போது இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைத்துவிடுங்கள். உலர்ந்த தங்கூஸ் உரசலில் சூடாகி அந்த இடத்திலேயே பலமிழந்துவிடும்.

மீன் கைக்கு வந்தால்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். 1992இல் வெளியான ஃபெர்கூசன், டஃப்ட்ஸ் ஆய்வு ஒன்று இருக்கிறது. ரெயின்போ ட்ரவுட்களைக் களைத்துப்போகும்வரை நீந்தவைத்தார்கள். பிறகு தண்ணீரிலேயே விடப்பட்டவற்றில் 12 சதவீதம் இறந்தன. 30 வினாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 சதவீதம். ஒரு நிமிஷம் வைக்கப்பட்டவற்றில் 72 சதவீதம். போட்டோ எடுக்க ஒரு நிமிஷம் ஆகத்தான் செய்கிறது, நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். துடிப்பாக நீந்திப் போனதே என்று நினைப்போம், சில மணி நேரம் கழித்துச் சாவது நம் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே மீனைத் தண்ணீரைவிட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றுங்கள். ரப்பர் கண்ணியுள்ள கைவலையில், பாதி முங்கியபடி வைத்திருந்தால் போதும். கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும், கிருமியிலிருந்து அதைக் காப்பதே அந்த வழவழப்புதான். செவுளில் விரலை விடாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் நோண்டாமல் நரம்பை வெட்டிவிடுங்கள். விடும்போது தலை ஓட்டத்தை எதிர்த்து இருக்கட்டும், அதுவாகக் கையைவிட்டுப் போகும்வரை லேசாகத் தாங்கிக்கொள்ளுங்கள். போட்டோ வேண்டுமென்றால் கூட வந்தவர் கேமராவைத் தயாராக வைத்திருக்கட்டும். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு நொடி தூக்கி, ஒரு படம், அவ்வளவுதான். தண்ணீருக்குள் இருக்கும் மீனைப் படம் எடுத்தால் புள்ளிகளின் நிறம் இன்னும் நன்றாக வரும்.

தண்ணீரில் இறங்கும்போது

ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள். வேடர் என்பது தண்ணீர் புகாத கால்சட்டை; இடுப்பு வரை வருவது போட்டிருந்தாலும் சரி, மார்பு வரை வருவது போட்டிருந்தாலும் சரி, பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள், விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைவது குறையும். ஒரு காலை நன்றாக ஊன்றிய பிறகே அடுத்த காலை நகர்த்துங்கள். முழங்காலுக்கு மேல் வேகமான ஓட்டம் வந்தால் திரும்பிவிடுங்கள். தவறி விழுந்தால் உடனே எழுந்து நிற்க முயல வேண்டாம், பாறை இடுக்கில் கால் சிக்கும். மல்லாந்து, கால் ஓட்டம் போகும் திசையில் இருக்க மிதந்து, ஓட்டம் தளரும் இடத்தில் கரையேறுங்கள்.

தெளிவாக இருந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சுள்ளியும் இலையும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, ஆற்றின் சத்தம் மாறினாலோ யோசிக்காதீர்கள், மேட்டுக்கு ஏறுங்கள். இங்கே வெயிலடிக்கும்போது மேலே பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். இடி கேட்டால் கம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வாருங்கள். கார்பன் இழைக் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு திரும்பப் போகலாம்.

ஆற்றடியில் சுற்றிலும் பாசி படர்ந்திருக்க, ஒரு இடத்தில் மட்டும் சரளைக்கற்கள் வெளிறிச் சுத்தமாகத் தெரிந்தால் அங்கே காலை வைக்காதீர்கள். பெண் ட்ரவுட் வாலால் அடித்துக் குழி பறித்து முட்டையைப் புதைத்த இடம் அது. மேலே ஒரு மிதி மிதித்தால் உள்ளே நசுங்கிவிடும்.

தூண்டில் தொடாதவர்களுக்கு

நடப்பதைக் குறைத்து உட்காருவதைக் கூட்டுங்கள். ஆற்றின் வளைவில், நிழலில், முதுகுக்கு மரம் இருக்கும்படி ஒரு இடம் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால், நடந்து பார்ப்பதைவிட அதிகம் பார்ப்பீர்கள். மீன்கொத்திக்குப் பிடித்த கிளை ஒன்று இருக்கும், திரும்பத் திரும்ப அங்கேயே வரும். கீழே வெள்ளை எச்சம் இருந்தால் அதுதான் கிளை. டிப்பர் என்ற குட்டையான பறவை இருக்கும் ஆறாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஓடும் தண்ணீருக்குள் முங்கி, அடிக்கல்லைப் பற்றிக்கொண்டு நடந்து கேடிஸ் கூடுகளைப் பொறுக்கும். தூண்டில்காரர் கல்லைத் திருப்பித் தேடும் அதே பூச்சியைத்தான் அதுவும் தேடுகிறது. நீர்நாயை நேரில் பார்ப்பது அரிது. மேடான பாறைகளில் அது விட்டுப்போன எச்சத்தில் மீன் எலும்பும் செதிலும் தெரியும், அந்தப் பாறைக்கு எதிர்க்கரையில் விடியற்காலை காத்திருங்கள். கூட்டையோ குட்டியையோ கண்டால் இடத்தை எனக்கு மட்டும் சொல்லுங்கள், அந்தப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு நாளாவது இடம் மாற்றிப் பாருங்கள். தூண்டில்காரர் பைனாகுலரோடு உட்காரட்டும், மற்றவர் கம்பைப் பிடித்து ஒரு காலைப்பொழுது நிற்கட்டும்.

ராத்திரி விளக்கு, சோப்பு

இருட்டியதும் வராந்தா விளக்கை நான் அணைத்துவிடுவேன், ஆற்றுப்பக்கத் திரையையும் இழுத்துவிடச் சொல்வேன். பலருக்கு முதலில் பிடிக்காது. காரணம் இருக்கிறது. மேஃப்ளைகள் தண்ணீரை அடையாளம் காண்பது, அதன் பரப்பில் பட்டு ஒரே திசையில் அதிரும் ஒளியை வைத்துத்தான். தார் ரோடும் அதேபோல ஒளியைத் திருப்புவதால், அதைத் தண்ணீர் என்று நினைத்து அவை ரோட்டில் முட்டையிட்டுச் சாவதை ஹங்கேரி ஆய்வாளர்கள் 1998இல் எழுதினார்கள். பளபளக்கும் கார் மேல்பரப்பும் கண்ணாடி ஜன்னலும் இதே வேலையைச் செய்யும். அதில் விளக்கு வெளிச்சமும் சேர்ந்தால் பூச்சிகள் ஆற்றைவிட்டு வீட்டுச் சுவரில் வந்து விழும். காரை ஆற்றோரம் நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். விளக்கு அணைந்தபின் நட்சத்திரம் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

ஆற்றில் சோப்புப் போட்டுக் குளிக்காதீர்கள், மக்கும் சோப்பு என்று அட்டையில் எழுதியிருந்தாலும். கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளித்தான் எதையும் கழுவ வேண்டும். வெட்டிப்போட்ட தங்கூஸ் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பறவைக் காலில் சுற்றினால் அறுத்துவிட ஆள் கிடைக்காது.

கிளம்பும்போது

பூட்ஸ், வேடர், கைவலை எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் சேறு, பாசி, விதை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். டிடிமோ என்ற பாசி ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்கு இப்படித்தான் போகிறது, ஆற்றடிக் கற்களைத் தடித்த பழுப்புப் படலமாக மூடிவிடும். ஃபெல்ட் துணி அடிப்பாகம் வைத்த பூட்ஸுக்கு ஈரம் அவ்வளவு சீக்கிரம் காயாது என்பதால் நியூசிலாந்து 2008இல் அதற்குத் தடை போட்டது. நீங்களும் ரப்பர் அடிப்பாகம் வாங்குங்கள். தொட்டால் ஈரமே தெரியாத அளவுக்குக் காய்ந்த பிறகு, இன்னும் 48 மணி நேரம் காயவிட்டுத்தான் அடுத்த ஆற்றில் அதைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். நேராக வேறு ஆற்றுக்குப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே சொல்லுங்கள். பின்கட்டில் வெந்நீர்த் தொட்டியும் பிரஷும் இருக்கின்றன, கழுவித் தயார் செய்து தருகிறேன்.